புத்தகமா, வகுப்பா, கைப்பேசியா: ஆங்கில இலக்கணம் படிக்க எதில் காசு போடலாம்?

“அக்கா, நல்ல கிராமர் புக்கா ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் சிங்கப்பூர் தேக்காவுக்கு வந்தான். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை. ஆறு வருடம் வெல்டிங் பிடித்தவனை அப்போதுதான் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். அதுவரை கை பேசினால் போதும். இப்போது மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தினமும் நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரி அவனைத் தூங்க விடவில்லை.

போனை வாங்கிப் பார்த்தேன். அந்த வாரம் காலை 8 மணிக்கு அவன் அனுப்பிய ஒரு வரி: ‘ஸ்காஃபோல்டிங் டீம் நாட் கமிங்’. அவன் மனதில் இருந்தது, “சாரம் கட்டுற ஆளுங்க இன்னும் வரலை”. மேனேஜர் படித்தது, “இன்று வரமாட்டார்கள்”. கிரேனை வேறு பக்கம் திருப்பி விட்டுவிட்டார். 8.40க்கு ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள், கிரேன் இல்லை. அன்று முழுக்க இவனுக்கு அர்ச்சனை.

“டென்ஸ் தெரியலைன்னு சொல்றாரு அக்கா” என்றான். டென்ஸ் தெரியாதவன் இல்லை அவன். வந்தான், வருகிறான், வருவான் என்று மூன்று காலமும் பேசி வளர்ந்தவன். ஆனால் தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்மறைக்குப் போனவுடன் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றாகிவிடும். நேற்று வரலை, இப்போ வரலை, இன்னும் வரலை. மூன்றுக்கும் சொல் ஒன்றுதான், ‘நேற்று’, ‘இன்னும்’ என்று பக்கத்தில் நிற்கிற சொல்தான் காலத்தைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அது மூன்று டப்பா: ‘டிட் நாட் கம்’, ‘ஆர் நாட் கமிங்’, ‘ஹேவ் நாட் கம் யெட்’. நம் ஆட்கள் மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம்.

அன்று அவனுக்குப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்தில் புத்தகம், வகுப்பு, செயலி மூன்றிலும் காசும் நேரமும் போட்டுப் பார்த்தவள் நான். எது யாருக்குத் தோது என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். சிங்கப்பூரில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அக்கம்பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இலவசமாக வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். இடது பக்கம் விதி, வலது பக்கம் பயிற்சி, கடைசியில் விடை என்று இருக்கும் வகைப் புத்தகம்தான் தனியாகப் படிப்பவர்களுக்குச் சரி. கேள்வி கேட்கும் முறை, ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றும் அதில் நன்றாகப் பிடிபடும். ‘ஹீ டஸ் நாட் கோஸ்’, ‘டிட் யூ வென்ட்’ என்று இரண்டு இடத்திலும் காலத்தைப் போடும் பழக்கம் எனக்குப் புத்தகத்தால்தான் போனது. ‘டஸ்’ வந்ததும் ‘ஸ்’ அதோடு போய்விடும், ‘டிட்’ வந்ததும் இறந்தகாலம் அதோடு போய்விடும், பின்னால் வருகிற வினை மொட்டையாக நிற்கும். இதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. நாற்பது வாக்கியம் கையால் எழுதினால் போதும்.

புத்தகத்தின் குறை வேறு இடத்தில். அது உலகத்துக்கே பொதுவாக எழுதியது, நம் ‘வரலை’ அதற்குத் தெரியாது. ‘நேத்து முடிச்சிருக்கேன்’ என்று தமிழில் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அதையே ‘யெஸ்டர்டே ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்று எழுதினால் தவறு, ‘யெஸ்டர்டே’ வந்த வாக்கியத்தில் அந்த ‘ஹேவ்’ உட்காராது. ‘ஐ ஃபினிஷ்ட்’ என்று முடித்துக்கொள்ள வேண்டும். பொதுப் புத்தகத்தில் விதி இருக்கும், நாம் ஏன் அங்கே வழுக்குகிறோம் என்பது இருக்காது.

அப்படியானால் தமிழ்வழிப் புத்தகம் வாங்கலாமே என்பீர்கள். முப்பதே நாளில் என்று அட்டையில் போட்டிருக்கும் ரகத்தை நானும் ஊரிலிருந்து கொண்டுவந்தேன். அதில் ‘வருகிறான்’ என்றால் ‘ஹீ கம்ஸ்’ என்று ஒரு அட்டவணை. “என்ன பண்றே?” “சாப்பிடறேன்.” இந்த ‘சாப்பிடறேன்’ ‘ஐ ஆம் ஈட்டிங்’. “தினமும் எங்கே சாப்பிடறே?” “கேன்டீன்ல சாப்பிடறேன்.” இது ‘ஐ ஈட்’. “நாளைக்கு உங்க வீட்ல சாப்பிடறேன்” என்றால் அது வருங்காலம். ஒரே ‘சாப்பிடறேன்’ மூன்று வேடம் போடும்போது அட்டவணை எதற்கு ஆகும்? அந்தப் புத்தகத்தை நம்பிப் பல காலம் ‘வாட் டு யூ டூ?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என்ன செய்கிறாய் என்று நான் கேட்க, எதிரில் இருப்பவர் தான் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று பொறுமையாகச் சொல்வார்.

புத்தக வரிசையில் சிங்கப்பூருக்கே உரிய சரக்கு ஒன்று உண்டு. பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி எழுதும் அசெஸ்மென்ட் புக்கைத்தான் சொல்கிறேன். எதிர்வீட்டு அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன். அவருடைய கவலை வேறு. தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகள், மின்தூக்கியில் நாலு பேர் முன்னால், “அம்மா, நாட் ‘ஹீ டோன்ட்’, ‘ஹீ டஸன்ட்’” என்று திருத்திவிட்டாள். அதற்குப் பிறகு மகளோடு வெளியே போனால் அக்கா வாயே திறப்பதில்லை. பெரியவர்களுக்கான புத்தகத்தை எடுத்தால், முதல் பக்கத்தில் ‘ஆக்ஸிலியரி’ என்று வந்ததும் மூடி வைத்துவிடுகிறார். மகளின் புத்தகக் கட்டிலோ ‘கிராமர் குளோஸ்’ என்று சின்னப் பத்தி ஒன்று இருக்கிறது, கோடிட்ட இடத்தில் பொருத்தமான சொல்லை எடுத்துப் போட வேண்டும். ‘எடிட்டிங்’ என்று இன்னொன்று: பத்தியில் சில சொற்கள் தவறாக இருக்கும், திருத்த வேண்டும். விடை பின்னால் இருக்கிறது, விலையும் குறைவு. கதையில் எம்ஆர்டி ரயில் வரும், உணவங்காடி வரும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வரும். லண்டன் பனிமழை பற்றிய வாக்கியத்தில் ‘தி’ எங்கே வரும் என்று மண்டையை உடைக்க வேண்டாம்.

பேச்சு ஆங்கிலம் ஓரளவு வந்து, எழுத்தில் மட்டும் தடுக்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மேலே போகச் சொல்வேன். தொடக்கநிலை ஆறு முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வுக்காக ‘சிந்தசிஸ் அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ என்று ஒரு பயிற்சி இருக்கிறது. இரண்டு வாக்கியம் கொடுத்து ஒன்றாக்கச் சொல்வார்கள். நமக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. “நேத்து வாங்கின போன் உடைஞ்சு போச்சு” என்று தமிழில் எல்லா விவரத்தையும் பெயருக்கு முன்னால் அடுக்குவோம். ஆங்கிலத்தில் போன் முதலில் வந்து, ‘தட் ஐ பாட் யெஸ்டர்டே’ என்று விவரம் பின்னால் தொங்க வேண்டும். வாலைத் தலையில் கட்டுவதா காலில் கட்டுவதா என்கிற தகராறு. அந்தப் பயிற்சியை ஒரு மாதம் செய்தால் கை தானாகத் திரும்பும்.

அடுத்தது வகுப்பு. இதில்தான் என் காசு அதிகம் போனது. சனிக்கிழமைதோறும் பத்து வாரம், 620 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு தனியார் நிலையம். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள். ஆசிரியர் நல்லவர், உழைப்பாளி. ஆனால் முதல் மூன்று வாரம் இறந்தகாலத்திலேயே போனது. மாண்டரினில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. நேற்று என்று சொல்லிவிட்டால் போதும், ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பது அவர்கள் காதுக்குக் குறையாகவே படாது. பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ‘தா’ என்பதால் ‘ஹீ’, ‘ஷீ’ மாறி மாறி விழும். அதற்கு இன்னொரு வாரம். அவர்களுக்கு அது தேவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன், அவள், அவர், அது என்று வினை வாலில் வரை பால் பார்க்கும் மொழிக்காரி நான் நாலு சனிக்கிழமை சும்மா உட்கார்ந்திருந்தேன். என் ‘வரலை’ சிக்கலுக்கு அந்த வகுப்பில் இடமே இல்லை.

எங்கள் இரு தரப்பும் சேர்ந்து தடுமாறியது ஆர்ட்டிகிளில், அதாவது பெயருக்கு முன்னால் வரும் ‘அ’, ‘அன்’, ‘தி’யில். மாண்டரினிலும் இல்லை, தமிழிலும் இல்லை. அதற்கு ஆசிரியர் ஒரு மணி நேரம் ஒதுக்கி, “படிக்கப் படிக்க வந்துவிடும்” என்று முடித்துவிட்டார். அது வரவில்லை. பிறகு நானாகக் கண்டுபிடித்த இரண்டு குறுக்குவழி தமிழிலேயே இருந்தது.

ஒன்று, ‘அ’வா ‘அன்’னா என்பது. ஆங்கில எழுத்தைப் பார்க்காதீர்கள், அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘எம்ஆர்டி ஸ்டேஷன்’: முதலில் எ, உயிரெழுத்து, ஆகவே ‘அன்’. ‘யூனிஃபார்ம்’: யூ உயிர்மெய், ஆகவே ‘அ’. மணிக்கான ‘அவர்’ உயிர், ‘அன்’. ‘வன்-வே ஸ்ட்ரீட்’ உயிர்மெய், ‘அ’. ஒலியை வைத்துத்தான் விதி, தமிழ் எழுத்து ஒலியை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். வீவக வீட்டில் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். நாம் ‘ஹெச்டிபி’ என்கிறோம், அப்படிச் சொன்னால் ‘அ’. ஏட்டு ஆங்கிலத்தில் அந்த எழுத்தின் பெயர் ‘எய்ட்ச்’, அதனால் எழுத்தில் ‘அன்’ போடுவதுதான் முறை.

இரண்டு, ‘தி’. “சாவி கொடு” என்பதற்கும் “சாவியைக் கொடு” என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே தெரியும். முதலாவது ஏதோ ஒரு சாவி, இரண்டாவது நம் இருவருக்கும் தெரிந்த சாவி. அஃறிணைப் பொருளில் அந்த ‘ஐ’ ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘தி’ வரும். எல்லா இடத்துக்கும் இது செல்லாது, எழுவாயாக நிற்கும் பெயருக்கு ‘ஐ’ கிடையாதே. ஆனாலும் என் மின்னஞ்சல்களில் பாதித் தவறு இதனாலேயே குறைந்தது.

வகுப்பால் பயனே இல்லையா என்றால், உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மாண்டரின் தெரியாது. கோப்பி வாங்கப் போனாலும் ஆங்கிலம்தான். பத்து வாரம் வாய் திறந்து பேச வைத்தது விதிகளைவிட அந்தக் கட்டாயம். சிராங்கூன் சாலைப் பக்கம் தமிழில் விளக்கிச் சொல்லித் தரும் வகுப்புக்குப் போன தோழி, என்னைவிட வேகமாக விதிகளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இடைவேளையில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்களாம். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதில் ஏ2 தாண்டாதவர்கள் தமிழ்வழி வகுப்புக்குப் போகட்டும். தாண்டியவர்கள் கலந்த வகுப்பில் காசு போடட்டும். சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் எழுதுவதை யாராவது திருத்தித் தருவார்களா, வாரத்துக்கு எத்தனை பக்கம்?” பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கட்டணத்தில் பலர் குழம்புவதால் ஒரு வார்த்தை. 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு அரசாங்கம் 2016 முதல் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை (பயிற்சிக்கான உதவித்தொகை), அங்கீகரித்த வகுப்புகளுக்குப் பயன்படுத்தலாம். நிரந்தரவாசிகளுக்கு அந்தக் கிரெடிட் கிடையாது, சில வகுப்புகளில் கட்டணச் சலுகை மட்டும் உண்டு. ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இரண்டும் இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டூழியர்கள் நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன. ஓவர்டைம் விழாத ஞாயிறாகப் பார்த்துப் போக வேண்டும், அதுதான் சிரமம்.

கைப்பேசிச் செயலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொற்களைத் தட்டித் தட்டி வரிசையாக்கும் விளையாட்டு, காலையில் லாரியில் போகும்போது பொழுது போகும். திரையில் இருக்கிற சொல்லைத் தட்டுவது வேறு, இல்லாத சொல்லை எடுத்து எழுதுவது வேறு. நூற்றுச் சொச்சம் நாள் விடாமல் தட்டி, பச்சை விளக்கெல்லாம் வாங்கிய பிறகும், மருத்துவ விடுப்புக்கு இரண்டு வரி எழுதத் திணறியவள் நான்.

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி வேறு ரகம். தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்குகிறது, நள்ளிரவிலும் அலுத்துக்கொள்வதில்லை. ஆனால் மின்னஞ்சலைக் கொடுத்தால் மொத்தமாக மாற்றி எழுதிப் பளபளவென்று நீட்டிவிடும். நீங்கள் அனுப்பிவிடுவீர்கள், மறுநாள் அதே தவறு. தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: “திருத்தாதே. எந்த வரியில் தவறு இருக்கிறது என்று மட்டும் காட்டு. நான் திருத்திய பிறகு சரியா என்று சொல்” என்று முதலில் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் அது வாத்தியார். இல்லாவிட்டால் மனு எழுதித் தருகிற ஆள்தான்.

இந்த மூன்றும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது, வேலைத்தளத்தில் அது ஆபத்தும்கூட. “நீ சாப்பிடலையா?” என்றால் “ஆமா, சாப்பிடலை” என்போம். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படியில்லை. சாப்பிடவில்லை என்றால் ‘நோ’, சாப்பிட்டிருந்தால் ‘யெஸ்’, கேள்வி எப்படி வந்தாலும் சரி. ‘யூ டிட்ன்ட் ஸ்விட்ச் ஆஃப் த பவர்?’ என்று மேலாளர் கேட்க, நம் ஆள் ‘யெஸ்’ என்கிறான். அவன் சொன்னது “ஆமா, அணைக்கலை”. அவர் எடுத்துக்கொண்டது “அணைத்துவிட்டேன்”. இதில் சிரிப்பு என்னவென்றால், மாண்டரின்காரரும் நம்மைப் போலத்தான் ஆமோதிப்பார். தமிழனும் சீனரும் பேசிக்கொண்டால் ‘யெஸ்’ சரியாகப் போய்ச் சேரும், நடுவில் வேறொருவர் வந்தால்தான் குழப்பம். வழி எளிது: வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் வினையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ‘ஐ ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’, அல்லது ‘ஐ டிட்ன்ட்’.

சிங்லிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம் பற்றியும் கேட்பார்கள், அது இலக்கணத்தைக் கெடுக்குமா என்று. நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கத்தை அரசாங்கம் 2000இல் தொடங்கியதே இந்தக் கவலையில்தான். என் அனுபவத்தில், ‘ஈட் ஆல்ரெடி’, ‘கேன்’ என்று உணவங்காடியில் பேசுவதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ‘ஆல்ரெடி’, முடிந்துவிட்டது என்று காட்டச் சீன மொழியில் ‘ல’ செய்கிற வேலையைச் செய்கிறது. அதை மேனேஜருக்கு எழுதும் வரியில் போடும்போதுதான் தகராறு. வீட்டுத் தமிழையும் மேடைத் தமிழையும் பிரித்துப் பேசத் தெரிந்தவர்களுக்கு இது புதிய வித்தையா என்ன?

தேர்வு எழுதப் போகிறவர்கள், ஐஇஎல்டிஎஸ் மாதிரி கையில் மதிப்பெண் வேண்டியவர்கள், யோசிக்காமல் எழுத்துத் திருத்தம் உள்ள வகுப்புக்குப் போய்விடுங்கள். எதிர்வீட்டு அக்கா தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு அசெஸ்மென்ட் புக் ஒன்றை மகளுக்குத் தெரியாமல் வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

தம்பிக்கு வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் நேரத்துக்கு அது ஒத்து வராது. அவன் அனுப்பிய பழைய செய்திகளில் முப்பதை எடுத்துத் தவறுகளை எண்ணினோம். பதினொன்று ‘வரலை’ வகை, ஒன்பது ஆர்ட்டிகிள், நாலு ‘டிஸ்கஸ் அபௌட்’ மாதிரி வேண்டாத ஒட்டு, மிச்சம் எழுத்துப்பிழை. என்னிடம் இருந்த தடிப் புத்தகத்தில் ஆறே ஆறு பாடத்தில் காகிதத் துண்டு வைத்துக் கொடுத்தேன். மற்றதைத் தொடாதே என்றேன். தினமும் அனுப்பும் செய்தியில் ஒரு வரியை எனக்கும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

போன வாரம் வந்த வரி: ‘ஸ்காஃபோல்டர்ஸ் ஹேவ் நாட் கம் யெட். ஐ கால்ட் தெம். தே வில் ரீச் அட் 8.45.’ அடுத்த நிமிடமே இன்னொரு செய்தி, தமிழில்.

“அக்கா, முன்னாடி ‘தி’ போடணுமா?”

“போடணும்.”

“கிரேன் நிக்குது அக்கா” என்று பதில் வந்தது.